அலசியாச்சு

ஜூன் 3

அன்புள்ள கோந்துக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். பாதி நலம். நீ முழு நலமாகத்தான் இருப்பாய்; தலைவலி வந்திருந்தால்கூட இதற்குள் நான்கு பக்கம் புலம்பியிருப்பாய்.

போன் வேண்டாம், எழுதித்தான் பேச வேண்டும் என்று நான் போட்ட சட்டத்துக்கு நீ கட்டுப்பட்டதில் சந்தோஷம். போனில் நீ ஜெயித்துவிடுகிறாய். நான் ஒன்று கேட்டால் நீ மூன்று சொல்லி, கடைசியில் எதற்காகக் கோபப்பட்டேன் என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. போனை வைத்த பிறகுதான் கேட்டது கேட்டபடியே கிடப்பது தெரிகிறது. காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது.

உன் அப்பாவின் இடுப்பெலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் கால் சொன்னபடி கேட்பதில்லை. படுத்த படுக்கைதான். முதுகுக்குக் கீழே சிவந்திருந்த இடம் இப்போது புண்ணாகிவிட்டது. ஒரே பக்கமாகப் படுக்க விடாதீர்கள் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து திருப்பிவிடுகிறாள். மாமாவுக்கு அது பெரிய கூச்சம். "ஊர்ல பாதிப் பேருக்கு அளவெடுத்துத் தைச்சவன் நான். இப்ப என்னையே துணி மாதிரிப் புரட்டிப் புரட்டிப் பாக்கறாங்க" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்.

நேற்று உனக்கு எழுத உட்கார்ந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் லெட்டர் முடிவுல என்னமோ ஒரு வார்த்தை எழுதிக்கிறீங்களே, அலசியாச்சுன்னு. அது என்ன, துணி துவைக்கிற கணக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய கதையைச் சொன்னேன். நாம் சேர்ந்து ஆராய்ச்சி செய்த லேபில், பஞ்சை அலசி முடித்து நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று "அலசியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் எதையும் நிறுக்கலாம் என்று புரொபசர் வைத்த சட்டத்தைச் சொன்னேன். எனக்கு அலசல் என்று பேர் வந்ததையும், குடுவை குடுவையாகப் பிசின் காய்ச்சியதால் உனக்குக் கோந்து என்று பேர் வந்ததையும் சொன்னேன். பிறகு அந்தச் சொல் நம் இருவருக்குள் வந்துவிட்டது, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று, மனசில் மிச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம் என்றேன். "நல்ல வார்த்தைதான். கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டிருக்கலாம்" என்றார்.

மூன்று மாத வேலை என்று சொல்லிப் போனாய். இப்போது இரண்டாவது வருஷம் ஓடுகிறது. அலமாரியில் இருந்த உன் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டு மறுபடி உள்ளே வைத்தேன். ஆள் இல்லாத சட்டைக்கு இஸ்திரி வேறு போட்டேன், பைத்தியம் மாதிரி. எப்போது வருகிறாய் என்று இந்தக் கடிதத்திலும் கேட்கிறேன். இதற்கு மட்டும் நேரடியாகப் பதில் எழுது.

அலசியாச்சு.

உன் அலசல்


ஜூன் 15

என் அன்பு அலசலுக்கு,

உன் கடிதத்தை ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்காமல்கூடப் படித்தேன். உன் சட்டம், உன் கோபம், உன் இஸ்திரி எல்லாம் கிடைத்தது. இஸ்திரிக்குத் தனி நன்றி.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் எப்போது வருகிறாய் என்ற கேள்வியே உனக்கு மறந்துவிடும். (போனில் மட்டுமல்ல, காகிதத்திலும் ஜெயிப்பேன்.) நம் பஞ்சு வெளியே வந்துவிட்டது! லேபில் நீயும் நானும் சின்னக் குடுவையில் செய்ததை இங்கே ஆள் உள்ளே இறங்கி நிற்கக்கூடிய தொட்டியில் செய்கிறோம். பஞ்சு நூலில் அக்ரிலிக் பாலிமரை ஒட்டு வளர்த்து, அதை மெத்தென்ற பட்டையாக்கி, துணிக்குள் வைத்துத் தைத்தாகிவிட்டது. படுக்கைப் புண்ணுக்கு அடியில் வைத்தால் கசிவு, வியர்வை எல்லாவற்றையும் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரி சரக்குக் கேட்டிருக்கிறது. ஒட்டு வீதம் எவ்வளவு தெரியுமா? நம் லேபில் நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன எண்ணைத் தாண்டிவிட்டேன். கோந்து, கோந்து என்று கேலி செய்தீர்களே, எல்லோரும் வந்து பாருங்கள்.

இந்தச் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் பிரிவுக்கே என்னைத் தலைவராக்குவார்கள். அப்புறம் குவார்ட்டர்ஸ். அப்பாவுக்குத் தனி அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் இருக்கிறது, பார்த்து வைத்திருக்கிறேன். நீ கல்லூரியில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியது போதும்.

நம் குட்டி இங்கே தர அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அவளுக்கு இப்போது கொம்பு முளைத்துவிட்டது. லேபில் நமக்குக் குடுவை கழுவித் தந்த பெண் என்னை "சார், பேப்பர் எங்கே சார்" என்கிறாள். ஆனால் உன் பேரைச் சொன்னால் மட்டும் இன்னும் குழைகிறாள்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குத்தான். முதல் சரக்கிலேயே எடுத்தது. வேறு யாருக்கும் போவதற்கு முன்னால் என் அப்பாவுக்குப் போக வேண்டும் என்று நானே பொறுக்கி வைத்தேன். அவருக்கு எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. நர்ஸம்மா என்ன சொன்னார் என்பதையும் எழுது, இங்கே காட்ட உதவும்.

உறையைப் பார். உன் சொல்லை என் கையெழுத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அலசியாச்சு.

உன் கோந்து


ஜூன் 30

கோந்துக்கு,

பார்சல் வந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தாலும் வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாமா அதை மார்பில் வைத்துக்கொண்டார். பட்டையை எடுத்துக் கொடுத்தேன். உனக்குத் தெரியுமே, துணி என்று எது கைக்கு வந்தாலும் கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாரே. தடவிவிட்டு, "ரெட்டைத் தையல். பிசிறே இல்ல. உள்ள இருக்கறதுதான் அவன் செஞ்சதா?" என்றார். ஆமாம் என்றேன். என்ன செய்தான் என்று கேட்டார்.

சொன்னேன். பஞ்சு நூலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலிகள் இருக்கின்றன மாமா, அந்தச் சங்கிலியின் பக்கவாட்டில் இன்னொரு சங்கிலியை முளைக்க வைக்கிறோம். பழையதோடு புதியது ஒரே உடம்பாகச் சேர்ந்தால் அது ஒட்டு. ஆனால் அதே தொட்டியில் நூலோடு சேராமல் தனியாக வளர்ந்த பிசினும் இருக்கும். அது நூலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தராசும் இரண்டையும் சேர்த்தே நிறுக்கும். அலசினால்தான் தெரியும். ஒட்டியது நிற்கும், சும்மா கிடந்தது போய்விடும்.

"தைச்சதும் குண்டூசி குத்தி வச்சதும் மாதிரி. மாட்டிப் பாக்கறப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றார். அதேதான் மாமா என்றேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் உன்னை நினைத்து எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் தெரியுமா?

பட்டையை வைத்தேன். மறுநாள் எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டேன். "சும்மா சொல்லக் கூடாது, சுகமா இருக்கு" என்றார். அதற்கு மறுநாளும் சுகம்தான். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. நான் அறைக்குள் போகும்போதெல்லாம் போர்வையை முறுக்கிப் பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டுவிடுவார். திருப்பிப் படுக்க வைக்க வந்தால், "இருக்கட்டும்மா, நல்லாத் தூங்கிட்டிருந்தேன்" என்பார். நான் நம்பினேன். சுகமாக இருக்கிறது, அதனால் அசைய மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன்.

நர்ஸம்மா வந்து எடுத்தபோது பட்டை வரவில்லை. வழவழவென்று பிசின் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. புண்ணைச் சுற்றி நன்றாக இருந்த தோல் எல்லாம் வெந்து உரிந்திருந்தது. நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதத் தெரியவில்லை. "எரியலையாய்யா? ஏன்யா சொல்லலை?" என்று அவர் மாமாவைத் திட்டினார். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அது நல்லாத்தாம்மா இருக்கு. என் தோல்தான் மோசம். என் பையன் செஞ்சது."

நீ அனுப்பியதில் பிரிக்காத பட்டை ஒன்றைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். துளி தண்ணீர் விட்டு லிட்மஸ் தாளை வைத்தேன், சிவந்துவிட்டது. வினையில் சேராத அமிலம் அப்படியே உள்ளே இருக்கிறது. அதைத்தான் உன் அப்பா முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு உள்ளே இருந்த பஞ்சை நிறுத்து, வெந்நீரில் அலசி, ஆல்கஹாலில் அலசி, பிசின் வருவது நிற்கும்வரை அலசி, காயவைத்து மறுபடி நிறுத்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம். என் எண்ணைத் தாண்டிவிட்டதாக எழுதினாயே, அந்த ஒட்டு வீதத்தில் பெரும்பாதி கோந்து.

இது தவறுதலாக வந்த பட்டை என்று எழுது. அலசாத தொட்டியிலிருந்து யாரோ மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுது. நான் நம்பிவிடுகிறேன். நம்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது.

கடைசியில் எழுதும் சொல்லை இந்தத் தடவை எழுதவில்லை. உன் பதில் வந்த பிறகு எழுதுகிறேன்.

அலசல்


ஜூலை 10

அன்புள்ள அலசலுக்கு,

அப்பாவுக்கு அப்படி ஆனதில் எனக்கு எவ்வளவு வருத்தம் என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் தோல் எப்போதுமே அப்படித்தான். சின்ன வயதில் புது சோப்பு வாங்கினால்கூட அவருக்குத் தடித்துப்போகும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

நீ லேபில் நின்று பேசுகிறாய். நான் ஆலையில் நின்று பேசுகிறேன். ஒரு கைப்பிடிப் பஞ்சை அலசுவது வேறு, ஒரு தொட்டியை அலசுவது வேறு. இது தண்ணீரைக் குடிக்கவென்றே செய்த பஞ்சு, அம்மா தாயே! தண்ணீர் விட்டால் உப்பித் தொட்டியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிழிய முடியவில்லை, வடிய மாட்டேன் என்கிறது, காய ஒரு யுகம் ஆகிறது. ஆல்கஹாலில் அலசலாம் என்று போனால் மேலே இருப்பவர்கள் மூஞ்சியைத் தூக்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். முதல் சரக்கு இப்படிப் போகட்டும், அடுத்ததிலிருந்து அலசும் தொட்டி போட்டுவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். எல்லா ஆலையிலும் நடப்பதுதான். யாரும் சாகப் போவதில்லை.

இப்போது ஒரு உதவி. பெரிய உதவி இல்லை, ஒரே ஒரு சொல்.

குட்டிக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்கிறது. பைகளின் மேல் "அலசியாச்சு" என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் அவள் சோதிக்காமலே விட்டாள். நம் லேப் பழக்கம், கை தன்னாலே எழுதிவிட்டது. இப்போது, "அக்கா இதைப் பாத்தாங்களா? அக்கா சொன்னாங்கன்னா எனக்குப் போதும்" என்கிறாள். உனக்குப் போன் செய்வாள். அவளுக்காக உன் போன் சட்டத்தைத் தளர்த்து. வீட்டுக்கு வந்த பட்டையைப் பார்த்தேன், அலசியாச்சு என்று சொல்லிவிடு. அவ்வளவுதான். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, நீதான் ஒன்றை அலசிவிட்டாயே!

அப்பாவிடமும், சௌகரியமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. என் சொந்த அப்பா என்றால் இங்கே மதிப்பு.

ஒரு சொல்லுக்காக நம் வாழ்க்கையையே தராசில் வைக்காதே. அந்த மரமும் ஜன்னலும் உனக்காகத்தான்.

அலசியாச்சு.

உன் கோந்து


ஜூலை 21

கோந்துக்கு,

குட்டி போன் செய்தாள்.

முதலில் மாமாவை விசாரித்தாள். பிறகு லேபில் நான் அவளைத் திட்டியதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள். "அக்கா, பை மேல நம்ம வார்த்தை எழுதியிருந்துச்சு. அதைப் பாத்ததும் நான் மறுபடி சோதிக்கலை. அந்த வார்த்தையைப் பொய்யா எழுத நம்ம லேப்ல ஆளே கிடையாதேக்கா. அதான் சார் மேல இருக்கற நம்பிக்கையில இல்ல, உங்க மேல இருக்கற நம்பிக்கையில விட்டுட்டேன். நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன், அலசவில்லை என்றேன்.

"சரிக்கா" என்றாள். சரக்கு லாரியில் ஏறிவிட்டது, இறக்கச் சொல்லப் போகிறேன் என்றாள். வைப்பதற்கு முன்னால், "அக்கா, நீங்க நல்லா இருக்கீங்கல்ல?" என்று கேட்டாள்.

பழக்கத்தில் கை தன்னாலே எழுதிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பழக்கம் உன் கைக்கு எப்போது வந்தது? லேபில் நீ ஒரு நாளாவது அந்தச் சொல்லைச் சொன்னதுண்டா? "இன்னும் எத்தனை தடவைடி அலசுவே, பசிக்குது" என்று வாசலில் நின்றவன் நீ. அது என் வாய்ச் சொல். நான் கை தோல் ஊறி வெளுக்க வெளுக்க நின்று சம்பாதித்த சொல். அதை எடுத்து அமிலம் சொட்டும் பையின் மேல் எழுதிவிட்டு, அதே சொல்லைக் கடிதத்தின் அடியிலும் எனக்கு எழுதியிருக்கிறாய். இரண்டிலும் ஒரே கையெழுத்து. பையில் எழுதியது பொய் என்றால் எனக்கு எழுதியது எந்தக் கணக்கில் சேர்த்தி? பழைய கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எது நிற்கும், எது போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்காகத்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை.

மாமாவிடம் ஒரு வரி கேட்டிருந்தாய். நான் கேட்கவே இல்லை. ஆனால் நான் போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. உள்ளே போனதும், "பேனாவும் பேப்பரும் எடுத்துட்டு வா, சௌகரியமா இருக்குன்னு எழுதித் தரேன். அவன் வேலைக்கு ஏதாவது வந்துடப் போகுது" என்றார். குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னார். மல்லாந்து படுக்க அவரால் இன்னும் முடியவில்லை. எழுதியும் கொடுத்தார். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாது, அனுப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

யாரும் சாகப் போவதில்லை என்று எழுதினாய். உன்னைப் பெற்றவர் போர்வையை முறுக்கிக்கொண்டு கிடந்தது போதாதா?

அலசல்


ஆகஸ்ட் 3

உனக்கு,

சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். பிரிவுத் தலைவர் பதவி எனக்குக் கீழே வேலை செய்த ஒருவனுக்குப் போகிறது. விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். குட்டி என் முகத்தைப் பார்க்காமல் உன் பேரைச் சொன்னாள். என் மனைவி பேரை, அத்தனை பேர் முன்னால், எனக்கு எதிராக.

மூன்றாம் மனிதர் யாராவது செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ பெண்டாட்டியா, பரிசோதனைக்கூடமா? கூட வாழ்கிறவனுக்காக ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உனக்கு எல்லாமே தராசு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை அலசிக்கொண்டேதான் இருக்கிறாய். நானும் மனிதன், எத்தனை தடவைதான் தாங்குவது? நீ உத்தமியாகவே இரு. உன் தராசோடு குடித்தனம் நடத்து.

இனி நமக்குள் ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம். நான் இங்கேயே வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன். அங்கே வரும் உத்தேசம் இல்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, நேரடியாகப் பதில் எழுதிவிட்டேன்.

அப்பாவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அவர் என் அப்பா, உன் அப்பா இல்லை. முதியோர் இல்லம் ஒன்றில் பேசிவிட்டேன். அவர்களே வண்டி அனுப்புவார்கள். துணிமணிகளைக் கட்டி வை. அதன்பின் நீ உன் அம்மா வீட்டுக்குப் போவதோ வேறெங்காவது போவதோ உன் இஷ்டம்.

இதற்குப் பதில் தேவையில்லை.


ஆகஸ்ட் 17

மதிப்பிற்குரியவருக்கு,

பதில் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். வண்டி வந்து திரும்பிப் போனதைச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

"நீங்கள்" என்று எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். மாமா எதிரில் நீங்க, தனியே நீ என்று இத்தனை வருஷம் ஓட்டினோம். இப்போது அந்த இரண்டாவது இடம் இல்லை.

ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பிழை. ஒட்டு இருந்தால்தானே வேண்டாம் என்று சொல்ல? கூடவே கிடந்ததையெல்லாம் ஒட்டு என்று கணக்கில் சேர்த்து நிறுத்துக்கொண்டிருந்தவள் நான். உங்களை நான் அலசிக்கொண்டே இருந்ததாக எழுதினீர்களே, அதுவும் பிழை. உங்களை மட்டும்தான் நான் அலசாமல் நிறுத்தேன்.

வண்டி வருவதற்கு முதல் நாள் மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். "உங்க பையன் ஒரு இல்லத்துல பேசியிருக்கார் மாமா. போறீங்களா?"

"நீ என்ன பண்ணப் போற?" என்று கேட்டார்.

"நான் எங்கயும் போகலை. இங்கதான் இருப்பேன்."

"அப்புறம் என்னத்தைக் கேக்கறே? இந்தத் தலைகாணியைத் திருப்பிப் போடு, சூடா இருக்கு" என்றார்.

வண்டியோடு வந்தவர்கள் நல்ல மாதிரி. வேண்டாம் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை. யார் நீங்கள், மகளா என்று மட்டும் கேட்டார்கள். மருமகள் என்றேன். மகன் எங்கே என்று அவர்கள் கேட்பதற்குள் மாமா உள்ளேயிருந்து, "வேலை விஷயமா வெளியூர்ல இருக்கான்" என்று குரல் கொடுத்தார். உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது அவருக்கு.

புண் ஆறி வருகிறது. புதுத் தோல் மெல்லிசாக, ரோஜா நிறத்தில் வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டைகளை அப்புறப்படுத்திவிட்டேன். ஆனால் மாமா விடவில்லை. "அவன் அனுப்பினது இன்னும் இருக்குமே, அதைப் போடு. அதைத்தான் இப்ப சரி பண்ணியிருப்பானே" என்று தினமும் நச்சரிப்பு. கடைசியில் மருந்துக்கடையில் சாதாரணப் பட்டை ஒரு கட்டு வாங்கினேன். உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, உங்கள் பையன் புதிதாக அனுப்பியிருக்கிறார் மாமா என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் வாங்கிக் கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். அதில் தையலே கிடையாது. சூடு வைத்து ஒட்டிய ஓரம். விரல் ஒரு சுற்று முழுக்கப் போய்விட்டு வந்து நின்றது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இது நல்லா அலசினதாம்மா?" என்று கேட்டார்.

"அலசியாச்சு மாமா" என்றேன்.

லேபில் புரொபசர் அவசரப்படுத்தியபோதும் அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்லவில்லை. குட்டி கேட்டபோது சொல்லவில்லை. உங்கள் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது என்று எழுதியும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று சாயங்காலம் நர்ஸம்மா வந்து, பட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்றார். மாமாதான் சொன்னார், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. "வாங்கலம்மா. என் பையன் செஞ்சது."

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்